டான்சில் "கிரேடு 3" என்று எழுதித் தந்திருக்கிறார்கள்: ஆபரேஷன் கட்டாயமா?

கெடிலக்கரை · திருப்பாப்புலியூர், கடலூர் · செவ்வாய் இரவு 10.12

வணக்கம். என் மகனுக்கு ஏழு வயது நடக்கிறது. போன வாரம் பள்ளிக்கூடத்துக்கு மருத்துவக் குழு வந்து எல்லாப் பிள்ளைகளையும் பார்த்தார்களாம். எடை, உயரம், கண், பல் எல்லாம் பரவாயில்லை. கடைசி வரியில் "டான்சில் இருபக்கமும் கிரேடு 3, ஈ.என்.டி.யிடம் காட்டவும்" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் பட்டிமன்றம்தான்.

செல்போன் டார்ச் அடித்து நானே பார்த்தேன். உள்நாக்கை இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு உருண்டையாக நிற்கிறது. நடுவில் கொஞ்சம்தான் இடைவெளி. பயந்துபோய் இங்கே ஒரு கிளினிக்கில் காட்டினோம். "ஆ" காட்டச் சொன்னார், பார்த்தார், காலாண்டு லீவில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நான் ஒரு கேள்வி கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாகிவிட்டது.

மாமியார் சுண்ணாம்பும் தேனும் குழைத்துக் கழுத்தில் பூசிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்காரர் "எடுத்துப் போட்டால் தொல்லை விட்டது" என்கிறார். தம்பி பெண்டாட்டி, எடுத்தால் எதிர்ப்புச் சக்தியே போய்விடும் என்று போனில் அழாத குறை. பெரிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எடுத்துவிட வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டைக்காரன் · புதுச்சேரி · செவ்வாய் இரவு 10.40

யோசிக்காமல் செய்யுங்கள் சகோதரி. எங்கள் சின்னவனுக்கு ஐந்து வயதில் எடுத்தோம். குறட்டை என்றால் அப்படி ஒரு குறட்டை. பக்கத்து அறையில் படுத்திருக்கும் என் அப்பா நடுராத்திரி எழுந்து வந்து பேரனைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். எடுத்த பிறகு சத்தமே இல்லை. ஒரு இட்லி சாப்பிட அரை மணி நேரம் எடுத்தவன் இப்போது தட்டைக் காலி செய்கிறான்.

வில்லியனூர் அக்கா · புதன் காலை 6.55

உங்கள் பையனுக்கு நல்லது நடந்தது, சந்தோஷம். அதற்காக ஊரில் இருக்கிற எல்லாப் பிள்ளை தொண்டையிலும் கத்தி வைக்கச் சொல்லலாமா தம்பி? எனக்கும் சின்ன வயதில் இப்படித்தான் பெரிதாக இருந்தது. பனங்கற்கண்டும் மிளகும் போட்ட பால், சளி பிடித்தால் சித்தரத்தை, அவ்வளவுதான். வயசுக்கு வந்த பிறகு இருந்த இடம் தெரியவில்லை. கடவுள் வைத்ததை எதற்கு எடுக்க வேண்டும்?

தொண்டைக்குழி · புதுச்சேரி · புதன் மதியம் 2.20

நான் ஈ.என்.டி. மருத்துவன். பார்க்காத பிள்ளைக்கு இங்கே உட்கார்ந்து தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனால் அந்தச் சீட்டில் இருக்கும் எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லலாம். அந்த எண்தான் வீட்டில் இவ்வளவு கலாட்டா பண்ணுகிறது.

நாங்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது 1989 இல் பிராட்ஸ்கி என்பவர் எழுதிவைத்த அளவுகோல். வாயைத் திறந்தால் பின்னால் இரண்டு பக்கமும் தூண் மாதிரி மடிப்பு தெரியும் அல்லவா? அந்த இரண்டு தூணுக்கும் நடுவில் இருக்கும் அகலத்தில் டான்சில் எத்தனை பங்கை அடைத்திருக்கிறது என்பதுதான் கணக்கு. குழிக்குள்ளேயே அடங்கியிருந்தால் 0. கால் பங்குக்குள் என்றால் 1. கால் முதல் பாதி வரை 2. பாதி முதல் முக்கால் வரை 3. முக்காலைத் தாண்டினால் 4. அப்போது இரண்டும் நடுவில் ஏறக்குறைய ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். அந்த எண் சொல்வது அவ்வளவுதான். நோய் எவ்வளவு என்று அது சொல்லவில்லை.

அந்த எண்ணும் பார்க்கும் விதத்தில் மாறும். குச்சியை நாக்கின் பின்பக்கம் வைத்து அழுத்தினால் பிள்ளைக்கு ஓங்கரிக்கும். ஓங்கரிக்கும் நொடியில் இரண்டு டான்சிலும் நடுவை நோக்கித் தள்ளிக்கொண்டு வரும். 2 ஆக இருப்பது 3 ஆகத் தெரியும். வகுப்பறை வெளிச்சத்தில், வரிசையில் நாற்பது பிள்ளைகள் நிற்க, அழுகிற பிள்ளையைப் பார்த்து எழுதிய எண் அது. அவர்களைக் குறை சொல்லவில்லை, "ஈ.என்.டி.யிடம் காட்டவும்" என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். சளிக்காய்ச்சல் வந்த வாரத்தில் பார்த்தாலும் வீங்கித்தான் இருக்கும்.

அப்புறம் வயது. டான்சிலும், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் கிருமியை அடையாளம் காணப் பழகும் திசு. இரண்டு மூன்று வயதிலிருந்து வளர்ந்து, ஏழெட்டு வயது வரை பெரிதாகவே இருக்கும். பிறகு மெல்லச் சுருங்கும். வில்லியனூர் அக்கா சொன்ன "இருந்த இடம் தெரியவில்லை" என்பது உண்மைதான். சித்தரத்தை இல்லாவிட்டாலும் அது நடந்திருக்கும்.

கெடிலக்கரை, நீங்கள் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தது போதும். இனி பையன் தூங்குவதைப் பாருங்கள். குறட்டை தினமுமா, சளி பிடித்தால் மட்டுமா? குறட்டை நடுவில் நின்று, மார்பு மட்டும் அசைந்து, பிறகு திடுக்கென்று மூச்சை இழுக்கிறானா? வாயைத் திறந்து, கழுத்தை அண்ணாந்து படுக்கிறானா? தலையணை நனைய வியர்க்கிறதா? நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வந்திருக்கிறதா? பகலில் தூங்கி வழிவதைவிட, துறுதுறுவென்று எதிலும் ஒட்டாமல் இருப்பதுதான் பிள்ளைகளில் அதிகம்; டீச்சரைக் கேளுங்கள். சோற்றை மெல்லாமல் அடக்கிக்கொள்கிறானா? போன வருஷம் முழுக்க எத்தனை தடவை தொண்டைவலியோடு காய்ச்சல் வந்தது? இதற்கெல்லாம் பதில் வந்தால்தான் அந்த 3 க்கு மதிப்பு உண்டா இல்லையா என்று சொல்ல முடியும்.

பலாச்சுளை · பண்ருட்டி · புதன் இரவு 8.05

டாக்டர் சொல்வதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. பெரிய பெண்ணுக்கு ஆறு வயதில் 4 என்று சொன்னார்கள். இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன, பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் ராத்திரி சத்தமே இல்லாமல் தூங்குவாள். முந்திரிக்கொட்டையைக் கடித்துத் தின்பாள், விழுங்கத் தொந்தரவு இல்லை. காய்ச்சலும் மற்றப் பிள்ளைகளுக்கு வருகிற அளவுதான். சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொண்டுவந்து காட்டுங்கள், இப்போது கைவைக்க வேண்டாம் என்றார்கள். பன்னிரண்டு வயதாகிறது, இப்போது பார்த்தால் சாதாரணமாக இருக்கிறது.

நெய்வேலி டவுன்ஷிப் · புதன் இரவு 9.31

எங்களுக்கு நேர் எதிர். டான்சில் அளவு 2 தான். "பெரிசா ஒண்ணும் இல்லையே" என்று இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள். பையன் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பான், ராத்திரியெல்லாம் உட்கார்ந்துகொண்டே தூங்குவான். கடைசியில் ஒருவர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார். அடினாய்டு மூக்கின் பின்வாசலையே மூடியிருந்தது. காதுக்குள் நீர் கோத்து, காதும் மந்தமாகியிருந்தது. டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனதற்குத் திட்டிக்கொண்டிருந்தோம்.

தொண்டைக்குழி · புதன் இரவு 11.02

பண்ருட்டியையும் நெய்வேலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிடுங்கள். டான்சில் அளவையும் தூக்கத்தில் மூச்சு தடைப்படுவதன் தீவிரத்தையும் ஒப்பிட்ட ஆய்வுகளை 2011 இல் தொகுத்துப் பார்த்தார்கள். தொடர்பு பலவீனம் என்றுதான் வந்தது. பெரிய பீரோ இருக்கிறதா என்பதைவிட, அது நிற்கிற அறை எவ்வளவு பெரியது என்பதுதான் கேள்வி. தாடை சிறியது, அடினாய்டு பெரியது, மூக்கில் அலர்ஜி, உடல் எடை, தூங்கும்போது தொண்டைத் தசை தளர்வது எல்லாம் சேர்ந்துதான் வழியை அடைக்கும். வாய் வழியாகப் பார்த்தால் அதில் ஒன்றுதான் தெரியும்.

வில்லியனூர் அக்கா · வியாழன் காலை 6.40

அப்போது காத்திருக்கலாம் என்றுதானே ஆகிறது? அதைத்தானே நானும் சொன்னேன்.

தொண்டைக்குழி · வியாழன் மதியம் 1.48

பாதி சரி அக்கா. அமெரிக்காவில் 5 முதல் 9 வயது வரையுள்ள 464 பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2013 இல் வெளிவந்தது. எல்லாருக்கும் தூக்கத்தில் மூச்சுத்தடை உண்டு. ஒரு பாதிக்கு உடனே டான்சிலும் அடினாய்டும் எடுத்தார்கள், மறுபாதியைக் கவனித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஏழு மாதம் கழித்துத் தூக்கப் பரிசோதனை செய்தபோது, எடுத்தவர்களில் 79 சதவீதத்துக்கு இயல்பாகிவிட்டது. காத்திருந்தவர்களில் 46 சதவீதத்துக்கு எதுவும் எடுக்காமலே இயல்பாகிவிட்டது.

இந்த 46 ஐத்தான் நீங்கள் பிடித்துக்கொள்வீர்கள் என்று தெரியும். அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. கவனத்தையும் யோசிக்கும் திறனையும் அளந்த முக்கியத் தேர்விலும் இரண்டு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. ஆனால் நடத்தை, தூக்கம், அன்றாட நலம் எல்லாம் எடுத்தவர்களுக்குக் கூடுதலாகத் தேறின. இன்னொன்று: ரத்தத்தில் ஆக்சிஜன் ரொம்ப இறங்கிய பிள்ளைகளை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு 46 ஐக் காட்டி "காத்திரு" என்று சொல்ல முடியாது. கடுமையான மூச்சுத்தடையை வருஷக்கணக்கில் விட்டுவைத்தால் வளர்ச்சி குறையும், இதயத்தின் வலது பக்கத்துக்கும் நுரையீரல் ரத்தக்குழாய்க்கும் சுமை ஏறும்.

எதிர்ப்புச் சக்தி பற்றி: தொண்டையைச் சுற்றி இதே மாதிரித் திசு வளையமாக இருக்கிறது, நாக்கின் அடியிலும் உண்டு. இரண்டு டான்சிலை எடுத்ததால் பிள்ளை நோஞ்சானாகிவிடாது. டென்மார்க்கில் 1979 முதல் 1999 வரை பிறந்த சுமார் 12 லட்சம் பேரின் பதிவேட்டை வைத்து 2018 இல் ஒரு ஆய்வு வந்தது. ஒன்பது வயதுக்குள் எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் சளி, மூச்சு சம்பந்தமான நோய்கள் அதிகம் பதிவாகியிருந்தன. ஏற்கெனவே அந்த மாதிரி உடல்வாகு உள்ளவர்களுக்குத்தானே எடுத்திருப்பார்கள் என்ற எதிர்வாதமும் உண்டு. என்னைக் கேட்டால், காரணமில்லாமல் எடுக்காதே என்பதற்கு அது நல்ல நினைவூட்டல். காரணம் இருக்கும்போது பயந்து ஓட அது போதாது.

மஞ்சக்குப்பம் 607 · வியாழன் மாலை 5.15

குறட்டை எல்லாம் எங்களுக்கு இல்லை டாக்டர். எங்கள் பாப்பாவுக்கு "டான்சில்" என்று மாதாமாதம் ஏதாவது ஒன்று. தெரு முனை மெடிக்கலில் மூன்று நாள் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுவோம். எத்தனை தடவை வந்தால் எடுக்க வேண்டும்?

தொண்டைக்குழி · வியாழன் இரவு 10.30

இதற்கு எண் இருக்கிறது. பிட்ஸ்பர்க்கில் பாரடைஸ் என்ற குழந்தை மருத்துவரின் குழு 1984 இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த வரம்பு: ஒரே வருஷத்தில் ஏழு தடவை, அல்லது தொடர்ந்து இரண்டு வருஷம் வருஷத்துக்கு ஐந்து, அல்லது மூன்று வருஷம் வருஷத்துக்கு மூன்று. அதற்குக் கீழே என்றால் பொதுவாகக் காத்திருப்பதே நல்லது. ஆபரேஷனால் கிடைக்கும் லாபம் ஆபரேஷன் வலிக்கே சரியாகிவிடும்.

ஆனால் எதை "ஒரு தடவை" என்று எண்ணுவது? மூக்கு ஒழுகி, இருமி, தொண்டை கரகரப்பது இதில் சேராது. அது வைரஸ், டான்சிலை எடுத்தாலும் வரும். தொண்டைவலியோடு 38.3 டிகிரி செல்சியஸுக்கு (101 பாரன்ஹீட்) மேல் காய்ச்சல், கழுத்தில் வலிக்கும் நெறிகட்டி, டான்சிலில் சீழ்ப்புள்ளி, அல்லது பரிசோதனையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி உறுதி, இதில் ஒன்றாவது இருந்து, டாக்டர் பார்த்துச் சீட்டில் எழுதியிருக்க வேண்டும். நினைவில் இருந்து எண்ணினால் எல்லாருக்கும் "மாசாமாசம்" என்றுதான் வரும். ஒரு நோட்டுப் போட்டு எழுதச் சொல்லி அனுப்பினால், பாதிப் பேரின் கணக்கு மூன்று நான்கில் நின்றுவிடும்.

மூன்று நாள் மாத்திரை விஷயம் எனக்குக் கோபம் வரும் இடம். தொண்டைவலியில் பெரும்பகுதி வைரஸ்; ஆன்டிபயாடிக்கே வேண்டாம். ஸ்ட்ரெப் கிருமிதான் என்றால் அதற்குப் பென்சிலின் அல்லது அமாக்சிசிலின், பத்து நாள் முழுக்க. இரண்டிலும் மூன்று நாள் மாத்திரைக்கு இடமில்லை. ஏன் பத்து நாள் என்றால், அந்தக் கிருமியைச் சரியாகக் கவனிக்காவிட்டால் சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெடும். அது பணக்கார நாடுகளில் அரிதாகிவிட்டது, நம் ஊரில் இன்னும் போகவில்லை. அப்படி வந்த பிள்ளைகள் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசிக்கு வருஷக்கணக்கில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். டான்சில் அளவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, சின்ன டான்சிலிலும் அந்தக் கிருமி உட்காரும்.

காய்ச்சல் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை காலண்டர் பார்த்த மாதிரி வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அது வேறு கதையாக இருக்கலாம்.

லாஸ்பேட்டைக்காரன் · வெள்ளி காலை 9.10

இதற்கெல்லாம் காரணம் சில்வர் பீச் ஐஸ்தான் என்று என் அம்மா சொல்வார். ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் ஐஸ்கிரீம் வாங்கி வரச் சொன்னாரா, அம்மாவுக்கு மயக்கமே வந்துவிட்டது.

வில்லியனூர் அக்கா · வெள்ளி காலை 9.25

ஐஸ் சாப்பிட்டால் தொண்டை கட்டும், அது எனக்கு அனுபவம். இதில் டாக்டர் என்ன சொன்னாலும் கேட்க மாட்டேன்.

தொண்டைக்குழி · வெள்ளி மதியம் 2.00

ஐஸ்கிரீமால் டான்சில் வளராது என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறேன் அக்கா. உப்புத் தண்ணீர் கொப்பளிக்கலாம், மிளகுப் பால் குடிக்கலாம், இதமாக இருக்கும். சுண்ணாம்பு தேனை வெளியே பூசினால் தோல் சிவந்து எரியலாம், உள்ளே இருக்கும் டான்சிலுக்குத் தெரியக்கூடத் தெரியாது. விரலில் எதையாவது தொட்டு உள்ளே விட்டு உள்நாக்கைத் தூக்கிவிடுகிறேன், டான்சிலை அமுக்கி உடைக்கிறேன் என்று யாராவது வந்தால் மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஓ.டி. துறைமுகம் · கடலூர் முதுநகர் · வெள்ளி இரவு 7.44

பெரியவர்களுக்கும் கேட்கலாமா? என் மாமாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கடல் தொழில். வாயில் புகையிலை அடக்கும் பழக்கம் உண்டு. இரண்டு மாதமாக ஒரு பக்கம் மட்டும் டான்சில் பெரிதாக இருக்கிறது, அந்தப் பக்கக் காது வலிக்கிறது என்கிறார். காய்ச்சல் இல்லை. டான்சில்தானே, மாத்திரை போட்டால் போய்விடும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தொண்டைக்குழி · வெள்ளி இரவு 7.58

திங்கட்கிழமை காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த இழையில் இதுவரை வந்த எல்லாக் கேள்விக்கும் "கவனித்துப் பார்க்கலாம்" என்று சொன்னேன், இதற்குச் சொல்ல மாட்டேன்.

பெரியவர்களில் ஒரு பக்க டான்சில் மட்டும் பெரிதாவது, அதே பக்கம் காதுவலி, கழுத்தில் வலியில்லாத கட்டி, புண், விழுங்கச் சிரமம், எடை குறைவது, இவற்றில் எது இருந்தாலும் புற்றுநோய் இல்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். புகையிலைப் பழக்கம் இல்லாதவர்களுக்கும் மனித பாப்பிலோமா வைரஸால் டான்சிலில் புற்று வருவதுண்டு, லிம்போமா என்ற நிணநீர்த் திசுப் புற்றும் அங்கே வரும். மாமாவுக்கு அதுதான் என்று சொல்லவில்லை, கல்லோ பழைய வீக்கமோகூட இருக்கலாம். ஆனால் அதைப் பார்த்து, தொட்டு, தேவைப்பட்டால் சதை எடுத்துப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். கோரிமேடு ஜிப்மரில் ஈ.என்.டி.யும் புற்றுநோய்ப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. காலையிலேயே போய்விடுங்கள், வரிசை நீளம்.

பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்துவிட்டு அலற வேண்டாம். பிள்ளைகளில் ஒரு டான்சில் ஆழக் குழியிலும் மற்றது மேலாகவும் உட்கார்ந்திருப்பதால் ஒன்று பெரிதாகத் தெரிவது சகஜம். சில வாரத்துக்குள் ஒன்று மட்டும் வேகமாக வளர்ந்தால், கூடவே எடை குறைந்தால், கழுத்தில் பெரிய கட்டிகள் இருந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள்.

நெய்வேலி டவுன்ஷிப் · வெள்ளி இரவு 8.40

எந்த நிலையில் ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் டாக்டர்? அதையும் சொல்லிவிடுங்கள்.

தொண்டைக்குழி · வெள்ளி இரவு 9.15

வாயைத் திறக்க முடியாமல் தாடை இறுகி, எச்சில் விழுங்க முடியாமல் ஒழுகி, வாயில் சூடான எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரிக் குரல் மாறினால் டான்சிலுக்குப் பக்கத்தில் சீழ் கட்டியிருக்கலாம். இளவட்டங்களுக்குத்தான் இது அதிகம் வரும், கீறியோ ஊசியாலோ சீழை எடுத்தால் அன்றே நிம்மதி. மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால், மார்பு உள்வாங்கினால் உடனே. டான்சிலை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரிப் படர்ந்து, கழுத்து வீங்கினால் உடனே. அது தொண்டை அடைப்பானாக (டிப்தீரியா) இருக்கலாம். தடுப்பூசியால் அரிதானது, ஒழிந்துவிடவில்லை. 10 வயதிலும் 16 வயதிலும் பள்ளியில் போடும் டி.டி. (Td: டெட்டனஸ், டிப்தீரியா இரண்டுக்கும்) ஊசியைத் தவறவிடாதீர்கள்.

கெடிலக்கரை · சனி மதியம் 12.30

எல்லாருக்கும் நன்றி. டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவைத்தேன். காய்ச்சல் பெரிதாக இல்லை, போன வருஷம் இரண்டோ மூன்றோ தடவைதான். ஆனால் ராத்திரி பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. தினமும் குறட்டை. கழுத்தை அண்ணாந்து, வாயைத் திறந்து படுக்கிறான். நடுவில் சத்தம் நிற்கிறது. வயிறு ஏறி இறங்குகிறது, மூச்சு வரவில்லை. அப்புறம் உடம்பே தூக்கிப்போட்டு இழுக்கிறான். இவ்வளவு நாளாக அசதியில் தூங்குகிறான் என்று நினைத்திருந்தோம். படுக்கை நனைப்பதும் இரண்டு மூன்று மாதமாகத் திரும்ப வந்திருக்கிறது. காலையில் எழுப்பவே முடியாது.

வீட்டில் கொரோனா காலத்தில் வாங்கின, ஆக்சிஜன் அளவு காட்டும் விரல் கருவி இருக்கிறது. மாட்டிப் பார்த்தேன், 97 காட்டியது. அப்போது பரவாயில்லையா?

தொண்டைக்குழி · சனி மாலை 4.05

அந்த 97 ஐ நம்பி உட்காராதீர்கள். பெரியவர் விரலுக்குச் செய்த கருவி பிள்ளை விரலில் சரியாக உட்காராது, நீங்கள் பார்த்த நிமிடத்தில் மூச்சு சரியாக இருந்திருக்கலாம். இரவு முழுக்கப் பதிவு செய்யும் கருவி வேறு.

செல்போனில் இரண்டு மூன்று நிமிட வீடியோ எடுங்கள். சட்டையைக் கழற்றி, மார்பும் வயிறும் முகமும் தெரிய, சத்தத்தோடு, விடியற்காலை நேரத்தில் எடுத்தால் நல்லது, அப்போதுதான் அதிகம் வரும். சளி இல்லாத நாளில். எங்களுக்கு அந்த வீடியோ பத்துக் கேள்விக்குச் சமம். டான்சில் 3 உடன் நீங்கள் எழுதியதும் சேர்ந்தால், இது "பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான்" என்ற வகை இல்லை. வேறு ஒருவரிடம் நிதானமாகக் காட்டுங்கள். தூக்கப் பரிசோதனை எல்லாருக்கும் கட்டாயமில்லை. இரண்டு வயதுக்குள், உடல் பருமன், டவுன் சின்ட்ரோம், முக எலும்புக் குறை, தசை நோய் உள்ள பிள்ளைகளுக்கு ஆபரேஷனுக்கு முன் கேட்பார்கள். அறிகுறியும் பார்ப்பதும் ஒத்துவராதபோதும் கேட்பார்கள்.

பலாச்சுளை · சனி இரவு 8.20

எனக்கு ஒரு சந்தேகம். ஒரே பிள்ளையை ஒருவர் எடு என்கிறார், ஒருவர் வேண்டாம் என்கிறார். டாக்டர்களுக்குள்ளேயே ஏன் இப்படி?

தொண்டைக்குழி · சனி இரவு 10.50

பழைய கதை ஒன்று உண்டு, கதை இல்லை, நடந்தது. 1934 இல் அமெரிக்கக் குழந்தைகள் நலச் சங்கம் நியூயார்க்கில் 11 வயதுப் பள்ளிப் பிள்ளைகள் 1000 பேரைப் பார்த்தது. 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாகிவிட்டது. மீதி 389 பேரைப் பள்ளி மருத்துவர்களிடம் காட்டினார்கள். 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். "வேண்டாம்" என்று சொன்ன 215 பேரை வேறு மருத்துவர்களிடம் அனுப்பினார்கள். அவர்கள் 99 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். இன்னும் மிஞ்சிய 116 பேரை மூன்றாவது குழுவிடம் அனுப்பியபோது 51 பேருக்கு ஆபரேஷன் எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய பாதி. ஆயிரம் பேரில் யாரும் கை வைக்கச் சொல்லாதவர்கள் 65 பேர்தான்.

யாரும் பொய் சொல்லவில்லை. தொண்டையை மட்டும் பார்த்து முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும். அதனால் உங்களிடம் ராத்திரித் தூக்கத்தைப் பற்றியோ காய்ச்சல் கணக்கைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்காமல் "எடு" என்றாலும் சரி, "வேண்டாம்" என்றாலும் சரி, இன்னொருவரிடம் போங்கள்.

கெடிலக்கரை · அடுத்த வெள்ளி இரவு 9.00

புதுச்சேரியில் காட்டிவிட்டு வந்தோம். வீடியோவைப் பார்த்ததும் அந்த அம்மா டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறுபடி போடச் சொன்னார். மூக்குக்குள் கேமரா விட்டார்கள், அடினாய்டும் பெரிது. ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து டாக்டரின் பார்வை எல்லாம் முடித்துத் தேதி வாங்கியாகிவிட்டது. குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத பிரச்சினை உண்டா, பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காமல் போனதுண்டா என்று துருவித் துருவிக் கேட்டார். மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயைச் சில வாரம் பார்க்கலாமா என்று நானே கேட்டேன். லேசான மூச்சுத்தடைக்கு அது உதவும், இவனுக்குக் காத்திருக்க மனமில்லை என்றார். மாமியாரும் வீடியோவைப் பார்த்தார். சுண்ணாம்பு டப்பா வெற்றிலைப் பெட்டிக்கே போய்விட்டது.

அரியாங்குப்பம் · சனி காலை 7.15

இழையை இப்போதுதான் முழுக்கப் படித்தேன். என் மகனுக்குப் போன செவ்வாய்க்கிழமை டான்சில் எடுத்தார்கள். தொண்டையில் இரண்டு பக்கமும் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது, வாய் நாற்றம் வேறு. காது வலிக்கிறது என்று அழுகிறான். சீழ் பிடித்துவிட்டது என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கட்டுமா?

தொண்டைக்குழி · சனி காலை 8.02

அது சீழ் இல்லை, புண் ஆறும்போது படியும் வெள்ளைப் படலம். நாற்றமும் அதனால்தான். தொண்டைக்கும் காதுக்கும் நரம்புத் தொடர்பு உண்டு, அதனால் காதில் வலி தெரியும். ஆன்டிபயாடிக் வேண்டாம். வலி மருந்தை அழும்போது மட்டும் கொடுக்காமல், டாக்டர் எழுதின நேரத்துக்குக் கொடுங்கள், பாராசிட்டமால், இபுப்ரோபென் போதும். கோடீன் கலந்த எதையும் 12 வயதுக்குள் தரக் கூடாது, டிரமடாலும் கூடாது. தண்ணீர், இளநீர், மோர், ஐஸ்கிரீம் என்று குடிக்க வையுங்கள். குடிக்காத பிள்ளைக்குத்தான் வலி அதிகம். சிறுநீர் சரியாகப் போகிறதா பாருங்கள். வலி பத்து நாள் வரை இருக்கலாம்.

கவனிக்க வேண்டியது ரத்தம். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை அந்தப் படலம் உதிரும்போது கசியலாம். சிவப்பாகப் புது ரத்தம் கொஞ்சம் துப்பினாலும், அல்லது தூக்கத்தில் அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தாலும், உட்கார வைத்து முன்னால் சாய்த்துத் துப்பச் சொல்லி, நேராக ஆஸ்பத்திரிக்கு. நின்றுவிட்டது என்று வீட்டில் இருக்காதீர்கள்.

அரியாங்குப்பம் · சனி காலை 8.20

நன்றி டாக்டர். இன்னொன்று: நாளைக்கு மேல்மலையனூரில் சின்னவளுக்கு மொட்டை, காதுகுத்து வைத்திருக்கிறோம். காரில்தான். இவனையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

தொண்டைக்குழி · சனி காலை 8.26

வேண்டாம். இரண்டு வாரம் வரை ஈ.என்.டி. இருக்கும் ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போய்ச் சேரும் தூரத்தில் இருங்கள். நாளைக்குத்தான் சரியாக ஐந்தாம் நாள்.

அரியாங்குப்பம் · சனி காலை 8.51

சரி, அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போட்டாச்சு. சமையல்காரருக்குக் கொடுத்த அட்வான்ஸ் திரும்ப வராது போல.